போளூருக்கு நாலு டிக்கெட்... அந்தப் போளூர் இல்லைங்க!

போளூர் போகிறோம் என்று சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், "திருவண்ணாமலை பக்கத்துல இருக்கே, அதுவா?" என்றுதான் கேட்கிறார்கள். போனில் மேப்பைத் தட்டினாலும் அதுவும் அந்தப் போளூருக்குத்தான் வழி காட்டுகிறது. நாங்கள் போனது கொடைக்கானல் போளூர். கொடைக்கானல் டவுனிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் என்று மலைக்கு உள்ளே உள்ளே போகும் சாலையில், நாற்பது கிலோமீட்டரைத் தாண்டி இருக்கும் சின்ன ஊர். கொடைக்கானல்காரர்கள் இந்தப் பகுதியை மேல்மலை என்கிறார்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, போளூர் எல்லாம் மேல்மலைக் கிராமங்கள்.

போனது நாலு பேர். மதுரையில் ஒரே பள்ளிக்கூடத்தில் 1991-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். ஒருத்தி டீச்சர், ஒருத்தி தபால் ஆபீஸ், ஒருத்தி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள், நாலாவது நான். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இல்லாமல் நாங்கள் மட்டும் வெளியூர் போய்த் தங்கியது இதுதான் முதல் தடவை. எங்களுக்கு ஐம்பது வயது ஆகிறது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 3,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. இந்தத் தொகை வந்த கதையைச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் மூணாறுக்கு ரிசார்ட் எல்லாம் பார்த்துவிட்டோம். கடைசி நேரத்தில் தையல்காரி, "எனக்கு முதுகு வலி, நீங்க போயிட்டு வாங்கடி" என்றாள். முதுகு வலி இல்லை, பணம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். "உன் பங்கை நாங்க போடுறோம்" என்று தபால் ஆபீஸ்காரி சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதன் பிறகு தையல்காரி ஆறு மாதம் எங்கள் போனையே எடுக்கவில்லை. அதற்கடுத்த வருடம் அவள் வீட்டுக்காரரும் போய்விட்டார். இப்போது மகனோடு இருக்கிறாள். மகன் நல்ல பையன்தான். ஆனால் அவனிடம் கை நீட்ட மாட்டாள்.

அதனால் இந்த முறை, "எவ்வளவு இருந்தா போகலாம்னு நீயே சொல்லுடி" என்று அவளிடமே விட்டோம். மூவாயிரம் என்றாள். சரி, அதுதான் பட்ஜெட். யாரும் தனியாக ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. மொத்தம் 12,000 ரூபாயும் அவள் கையில்தான் இருக்கும். பால் கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டாள். இந்த ஏற்பாடு எத்தனை நல்லது என்பது மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது பின்னால் வருகிறது.

காலாண்டு விடுமுறையில் கொடைக்கானல்

டீச்சருக்கு லீவு கிடைப்பதே காலாண்டு விடுமுறையில்தான். செப்டம்பர் கடைசி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் விடிகாலையில் கொடைக்கானல் பஸ் ஏறினோம். சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். மலையில் அதற்குத் தடை இருக்கிறது, சோதனையும் உண்டு. வீட்டில் சும்மா கிடக்கும் எவர்சில்வர் பாட்டிலுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் காது அடைத்தது, புளிப்பு மிட்டாய் சுற்றில் வந்தது, தபால் ஆபீஸ்காரி ஜன்னலோரம் இடம் மாறினாள். மலைப்பாதைச் சடங்குகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன.

கொடைக்கானலில் இறங்கியபோது ஊரே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏரியைச் சுற்றி சைக்கிள், குதிரை, மக்காச்சோளம், செல்ஃபி. 1863-ல் மதுரையில் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் முன்னின்று உருவாக்கிய ஏரி அது. இத்தனை கூட்டத்தை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். குணா குகைப் பக்கம் போகும் சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. 'குணா' வந்தது நாங்கள் பத்தாம் வகுப்பு முடித்த அதே 1991-ல். அப்போது அந்தக் குகையைப் பார்க்க இவ்வளவு பேர் போனதாக ஞாபகம் இல்லை. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு நிலைமையே வேறு.

கொடைக்கானலில் நாங்கள் செலவு செய்தது நாலு டீக்கும் பஜ்ஜிக்கும்தான். புளியோதரை கையிலேயே இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மேல்மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். இந்தப் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பஸ். நேரத்தை பஸ் ஸ்டாண்டில் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி நடுவழியில் நின்றவர்கள் எங்கள் பஸ்ஸிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எந்த பஸ்ஸுக்கு அது பொருந்தும் என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் டிக்கெட் வாங்கித்தான் போனோம்.

பஸ்ஸில் எங்களைத் தவிர எல்லோரும் ஊர்க்காரர்கள். சிலிண்டர், அரிசி மூட்டை, உர மூட்டை, ஒரு கூடை கோழிக்குஞ்சு. பூம்பாறை வளைவில் டிரைவரே கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார். படிக்கட்டு படிக்கட்டாக வயல், நடுவில் நெருக்கிக் கட்டிய வீடுகள், அதன் நடுவே குழந்தை வேலப்பர் கோயில். இந்த முருகன் சிலையைச் செய்தவர் போகர் சித்தர் என்பது ஐதீகம். பஸ்ஸிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

பூம்பாறையைத் தாண்டியதும் போனில் சிக்னல் போனது. தையல்காரி மகனுக்கு, "பூம்பாறை தாண்டிட்டோம்" என்று ஒரு மெசேஜ் தட்டினாள். அது போனதா இல்லையா என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தாள்.

"காளானுக்கு வரலையே?"

போளூரில் இறங்கும்போது மாலை வெயில் சாய்ந்துவிட்டது. நாங்கள் தங்கிய இடம் ஹோட்டல் இல்லை. ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் வீட்டோடு ஒட்டி இரண்டு அறை கட்டி விட்டிருக்கிறார்கள். டீச்சரோடு வேலை பார்ப்பவர் மூலமாகக் கிடைத்த இடம். நாலு பேருக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு 1,800 ரூபாய், சாப்பாடு ஒரு வேளைக்கு ஆளுக்கு 100. வெந்நீருக்கு விறகு அடுப்பு. கழிப்பறை சுத்தமாக இருந்தது. பெண்கள் குழுவாகப் போகிறவர்கள் ஏரி தெரிகிறதா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கார அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நாலு பேரும் பொம்பளைங்கதானா? கூட யாரும் வரலையா?" என்றார். இல்லை என்றதும் முகம் தெளிந்தது. அவர் மாமியார், எண்பதைத் தாண்டிய அப்பத்தா, நேராகவே கேட்டுவிட்டார். "காளானுக்கு வரலையே?"

எங்களுக்கு முதலில் புரியவில்லை. காளான் குழம்பு வைக்கட்டுமா என்று கேட்கிறார் என நினைத்து, "வச்சா சாப்பிடுவோம் அப்பத்தா" என்று தபால் ஆபீஸ்காரி சொல்லிவிட்டாள். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

விஷயம் சிரிக்கும்படியானது இல்லை. போதைக் காளான் என்று ஒன்றைத் தேடி இந்த மலைக்கு இளைஞர்கள் வருகிறார்கள். மேல்மலைக் கிராமங்களின் பெயர் அதனாலேயே சில இடங்களில் பரவியிருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். விற்றவர்களும் வாங்கியவர்களும் கைதான செய்திகள் அடிக்கடி வருகின்றன. "எங்க பிள்ளைங்ககிட்டயே வந்து, எங்கே கிடைக்கும்னு கேக்குறாங்க தங்கச்சி. பள்ளிக்கூடம் போற பிள்ளைகிட்ட அம்பது ரூவா நோட்டை நீட்டுறாங்க" என்றார் அக்கா. அதனால்தான் இளைஞர்கள் கூட்டமாக வந்தால் அவர் அறையே தருவதில்லையாம். அறை காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை என்கிறார். பூண்டு விலை இறங்கிய வருடத்தில் அந்த அறை வாடகைதான் வீட்டைக் காப்பாற்றியது என்பதையும் அவரே சொன்னார்.

அன்று இரவு சோறு, முள்ளங்கி சாம்பார், பீன்ஸ் பொரியல், பூண்டுத் துவையல். குளிரில் நாலு பேரும் ஒரே அறையில், ஆளுக்கு இரண்டு கம்பளி. பதினொரு மணி வரை பேசினோம். பேசியது எதுவும் இங்கே எழுதுவதற்கில்லை.

இரண்டு ஏரிகள்

மறுநாள் ஒரு ஜீப். நாள் முழுக்க மன்னவனூர், கூக்கால் இரண்டுக்கும் சேர்த்து 2,800 ரூபாய். நோட்டுக்காரி பத்து நிமிடம் பேரம் பேசி 200 குறைத்த பிறகு வந்த கணக்கு இது.

மன்னவனூர் ஏரி வனத்துறையின் சூழல் சுற்றுலா இடம். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு, புல்வெளிச் சரிவில் இறங்கி நடக்க வேண்டும். மதுரைக்காரர்களுக்குப் புல் என்றால் வைகைக் கரையில் மாடு மேயும் காய்ந்த புல்தான். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை, அடியில் ஏரி, எதிர்க்கரையில் காடு. சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி இருப்பதுதான் பழனி மலையின் பழைய முகம். போன நூற்றாண்டில் சீகை, பைன், தைல மரங்களை நட்டு நட்டு, புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது. புல்வெளி என்பது வெற்று நிலம் இல்லை, மழையை உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிற பஞ்சு. இந்தச் சரிவில் விழும் மழைதான் கீழே அமராவதி பக்கம் போகிறது. உடுமலைப்பேட்டைப் பக்கத்து நெல்லுக்கும் கரும்புக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் என்று டீச்சர் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். லீவில்கூட விடமாட்டாள்.

பரிசலில் ஏறினோம். லைஃப் ஜாக்கெட் போட்டதும் தபால் ஆபீஸ்காரி பார்சல் மாதிரி இருந்தாள். பரிசல்காரர் நடு ஏரியில் ஒரு சுற்று சுற்றிவிட்டார். தையல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அப்புறம் சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான். நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. டீச்சர் மட்டும், "இன்னொரு சுத்து சுத்துங்கண்ணே" என்றாள்.

ஏரிக்குப் பக்கத்திலேயே ஆட்டுப்பண்ணை. மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இது. தலைமையிடம் ராஜஸ்தானில் இருக்கிறது, இந்த மையம் இங்கே 1965-ல் வந்தது. ரோமத்துக்காக வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகள், பெரிய பெரிய முயல்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இங்கே அரை நாள் ஒதுக்குங்கள், அவர்கள் நகர மாட்டார்கள். அரசு நிறுவனம் என்பதால் விடுமுறை நாள் பார்த்துப் போவது நல்லது.

கூக்கால் ஏரி வேறு மாதிரி. சின்னது, சத்தமில்லாதது. நாங்கள் போனபோது கரையில் நாலைந்து மாடுகளும் அவற்றை மேய்க்கும் பெரியவர் ஒருவரும்தான். பனி ஏரி மேல் இறங்கி, அக்கரையை மறைத்து, திரும்பக் காட்டியது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெந்நீர் பிளாஸ்கில் கட்டங்காப்பி, அக்கா கட்டிக்கொடுத்த அவித்த உருளைக்கிழங்கு, மிளகாய்ப் பொடி. இதற்கு ஆன செலவு பூஜ்யம். நோட்டில் பூஜ்யம் என்றே எழுதினாள்.

ஜீப் டிரைவர் வண்டியிலிருந்து ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கரையோரம் குனிந்து எதையோ பொறுக்கினார். என்ன தம்பி என்று கேட்டால், பீர் பாட்டில் உடைசல். ஏரிக்கரையில் இரவில் தீ மூட்டிக் குடிக்க வருகிறவர்கள் போட்டு உடைப்பதாம். அனுமதி இல்லாமல் கூடாரம் போடுவதைத் தடுக்க அதிகாரிகள் அவ்வப்போது வந்தாலும், அவர்கள் போன மறுநாள் இன்னொரு கூட்டம் வருகிறது. "எங்க மாட்டுக் குளம்புல குத்திருச்சுக்கா போன மாசம்" என்றார். சவாரி வரும்போதெல்லாம் இப்படி ஒரு கை பொறுக்கிப்போடுவது அவர் வழக்கம். நாங்களும் கொஞ்சம் பொறுக்கினோம். சாக்கு கால்வாசி நிறைந்தது, உடைசல் தீரவில்லை.

ஏரி தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும், இறங்கிவிடாதீர்கள். அடியில் சேறும் செடியும். இருட்டிய பிறகு காலாற நடந்து வரலாம் என்றும் கிளம்பாதீர்கள். காட்டுமாடு இருக்கிறது. பகலில் தள்ளி நின்று மேயும் சாதுவாகத் தெரிந்தாலும், ஒரு டன் எடை வரை வளரும் பிராணி அது. மழைக்காலத்தில் அட்டையும் உண்டு, ஒரு பொட்டலம் உப்பு கையில் இருக்கட்டும்.

மூன்றாம் நாள்

அன்று இரவு மழை பிடித்தது. தகரக் கூரையில் கல் கொட்டுவது போலச் சத்தம். காலையில் பஸ் வரவில்லை. வழியில் மரம் விழுந்துவிட்டது என்று பால்காரர் சொன்னார். மேல்மலைக்காரர்கள் இதற்குப் பதறுவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இந்த மலையில் மரங்கள் கும்பல் கும்பலாகச் சாய்ந்து, மின்சாரமும் சாலையும் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். 2024 செப்டம்பரில் கிளாவரைப் பக்கத்துக் காட்டில் நிலமே நீளமாகப் பிளந்து, நிபுணர்கள் வந்து பார்த்துப் போனார்கள். ஒரு மரம் அவர்களுக்கு ஒரு பொருட்டா? "நாளைக்கு வந்துரும்" என்றார் அக்கா.

எங்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. மதுரை திரும்பும் பஸ் காசைத் தனியாக எடுத்துவைத்தது போகக் கையில் இருப்பு 1,120 ரூபாய். அதை ஆளுக்கு ஒரு கிலோ மலைப்பூண்டு வாங்க என்று ஒதுக்கியிருந்தோம். இன்னொரு நாள் என்றால் அறைக்கு 1,800, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 1,200. ஆகமொத்தம் 3,000.

தபால் ஆபீஸ்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்கிட்ட இருக்குடி, சத்தம் போடாம அக்காகிட்ட குடுத்துடுறேன்" என்றாள். குளிர் மலையில் சத்தம் நன்றாகவே கேட்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்த தையல்காரி நோட்டை மூடினாள். முகம் மாறிவிட்டது. அந்த ஆறு மாத முகம். எனக்குத் தெரிந்த முகம். எங்கள் நாலு பேருக்கும் நடுவில் மறுபடி அந்த மூணாறு வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்காவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. "ஒரு நாள்தானே, வாடகை எல்லாம் வேண்டாம். மரம் விழுந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். தையல்காரி தலையாட்டினாள். சம்மதம் என்று இல்லை, வேண்டாம் என்று.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு அவள் எழுந்து உள்ளே போனாள். அடுக்களை மூலையில் அரிசி மூட்டைக்குப் பின்னால், பழைய சேலை போர்த்தி ஒரு தையல் மிஷின் இருந்தது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அவள் வந்த அன்றே பார்த்திருக்கிறாள்.

"அக்கா, இது ஓடுதா?"

"எங்க ஓடுது... வந்து நாலு வருசமாச்சு. பெல்ட் அறுந்துபோச்சு, நூல் சிக்குது. கொடைக்கானலுக்குத் தூக்கிட்டுப் போகவா முடியும்?"

அடுத்த ஒரு மணி நேரம் அவளைப் பார்க்க வேண்டுமே. மிஷினைக் கவிழ்த்தாள். பாபின் கேஸைக் கழற்றி ஊதினாள். யாரோ தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருந்தார்கள், அது பிசினாக இறுகி, உள்ளே பல் நகரவில்லை. மண்ணெண்ணெய் கேட்டு வாங்கித் துணியில் நனைத்துத் துடைத்தாள். பெல்ட்டுக்கு ஜீப்காரத் தம்பி எங்கிருந்தோ தோல் வார் ஒன்று கொண்டுவந்தார். அவள் பர்ஸில் ஊசி இருந்தது. இந்தியாவில் எங்கே போனாலும் அவள் பர்ஸில் மிஷின் ஊசி இருக்கும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

பதினொரு மணிக்கு மிஷின் ஓடியது. மாலைக்குள் அக்காவுக்கு மூன்று பிளவுஸ், அவர் பெண்ணின் பள்ளிச் சீருடைக்குப் பக்கவாட்டுத் தையல், அப்பத்தாவின் உள்பாவாடைக்கு நாடா. அளவுக்கு அப்பத்தா எழுந்து நின்றபோது, "இம்புட்டு வருசத்துல எனக்கு அளவெடுத்துத் தைக்கிறது நீதான் தாயி" என்றார். பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு பேர் துணியோடு வந்து வாசலில் நின்றார்கள். இன்று நேரமில்லை என்று சொல்லி, எப்படி வெட்டுவது என்று மட்டும் தரையில் பேப்பரை விரித்துக் காட்டிக்கொடுத்தாள்.

நாங்கள் மூவரும் சும்மா இருக்கவில்லை. அக்காவோடு உட்கார்ந்து பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டினோம். அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டு, புகை படவிட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்றார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சமவெளிப் பூண்டைவிடக் காரமும் வாசனையும் தூக்கல். உரிக்கும்போது கை எரிகிறது. வயலிலிருந்து சாலைக்கு மூட்டை வருவது இன்றும் குதிரை முதுகில்தான், அதற்கும் கூலி உண்டு. மூட்டை, குதிரைக் கூலி, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் போக நம் கைக்கு என்ன நிற்கும் என்று அக்கா விரலை மடக்கி மடக்கிச் சொன்னபோது, மதுரை மார்க்கெட்டில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நான் போட்ட சண்டைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

இரவு சாப்பிட்டு முடித்ததும் நோட்டை விரித்தாள். "அறை வாடகைக்குத் தையக்கூலி சரியாப் போச்சுக்கா. சாப்பாட்டுக்கு ஆயிரத்து இருநூறு ஆகுது, என்கிட்ட ஆயிரம்தான் குடுக்க முடியும். மிச்சம் இருநூறுக்கு மிஷின் ரிப்பேர்" என்றாள். அக்கா மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பணத்தை வாங்கி, எண்ணி, இடுப்பில் செருகிக்கொண்டார். தபால் ஆபீஸ்காரி வெற்றிலை மெல்லுவது போல ஒன்றும் பேசாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு தையல்காரி தானாகவே போய் அவள் பக்கத்தில் படுத்தாள்.

காலையில் பஸ் வந்தது. ஏறும்போது அக்கா நாலு கொத்து பூண்டை நீட்டினார். நாங்கள் தையல்காரியைப் பார்த்தோம். "பூண்டு கட்டின கூலிடி, வாங்குங்க" என்றாள்.

பஸ் கவுஞ்சியைத் தாண்டியதும், சரிவில் புதர் புதராக இருந்த செடியைக் காட்டி, "குறிஞ்சி இது" என்றார் கண்டக்டர். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கடைசியாகப் பூத்தது 2018, இனி 2030. அப்போது நமக்கு வயது என்ன என்று டீச்சர் கணக்குப் போட்டாள். ஐம்பத்தைந்து. முட்டி இருக்குமா என்றாள் தபால் ஆபீஸ்காரி.

பூம்பாறையில் சிக்னல் வந்தது. மகனிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். அவள் போன் போட்டு, "பஸ் வரலைடா, அதான் ஒரு நாள் வேலை பார்த்துட்டு வர்றேன்" என்றாள். அந்தப் பக்கம் அவன் என்ன கேட்டானோ, "அதெல்லாம் வந்து சொல்றேன், வை" என்று கட் செய்தாள்.

ஆரப்பாளையத்தில் இறங்கியபோது கையில் மிச்சம் 120 ரூபாய். ஆளுக்கு முப்பது. யாரும் வாங்கவில்லை. நாலு காபி குடித்தது போக மிச்சத்தை நோட்டின் அடுத்த பக்கத்தில் வரவு வைத்தாள். மேலே எதுவும் தலைப்பு எழுதவில்லை. மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய், ஒன்றாம் தேதிக்குள் தர வேண்டும், தாமதமானால் ஐந்து ரூபாய் அபராதம் என்று மட்டும் சொன்னாள். டீச்சர் இரண்டு தடவை அபராதம் கட்டிவிட்டாள்.